சுசீலாம்மாவுக்குக் குரல் போகவில்லை

"ஏல, இதுல சுசீலாம்மா குரலே சரியில்லையே. பாட்டு ஒழுங்கா பதிவாகலையோ?"

அப்பா இப்படிக் கேட்டது 2024 மார்ச் மாதம், ஒரு காலை வேளையில். பேங்க் வேலையில் இருப்பவர்களுக்கு மார்ச் என்றால் என்னவென்று தெரியும். இயர் குளோசிங். காலையில் போனால் ராத்திரி எப்போது வீடு திரும்புவோம் என்று நமக்கே தெரியாது. "சரிப்பா, வேற ஏத்தித் தாரேன்" என்று சொல்லிவிட்டு ஷூவை மாட்டிக்கொண்டு ஓடிவிட்டேன். வேறு ஏற்றிக் கொடுத்தேன். அதிலும் சுசீலாவின் குரல் சரியில்லை என்றார். டி.எம்.எஸ். மட்டும் பரவாயில்லையாம்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திவிட்டு வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி. அப்பா அங்கே ஒரு நூற்பாலையில் முப்பது வருஷத்துக்கு மேல் ஃபிட்டர். நான் பி.காம். முடித்து, பரீட்சை எழுதி, பேங்கில் சேர்ந்து, ஊர் ஊராக மாற்றலாகி, கடைசியில் ஹைதராபாத் ஏ.எஸ்.ராவ் நகரில் வந்து ஒட்டிக்கொண்டவன். 2021-ல் அம்மா தவறிப் போனார்கள். அதற்கப்புறம் அப்பாவைத் தனியாக விட மனசில்லாமல் இங்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம்.

வந்த புதிதில் அவர் பட்ட பாட்டுக்கெல்லாம் நாங்கள் ஒரே ஒரு காரணம்தான் வைத்திருந்தோம். பாஷை. வாட்ச்மேன் "தாதகாரு, பாகுன்னாரா?" என்றால் சிரித்துத் தலையாட்டுவார். காய்கறிக்காரர் விலை சொன்னாலும் அதே சிரிப்பு, அதே தலையாட்டல். பாவம், தெலுங்கு தெரியவில்லை, போகப் போகச் சரியாகிவிடும் என்று பேசிக்கொண்டோம்.

வீட்டுக்குள் தெலுங்கு கிடையாதே, அங்கே என்ன பிரச்சினை என்று கேட்பீர்கள். தங்கமணிக்கு இதே சந்தேகம்தான். "மாமா நான் கேட்டா பதிலே சொல்ல மாட்டேங்கறார். நீங்க கேட்டா மட்டும் சொல்றார். என் மேல ஏதோ கோவம் போல." எட்டாவது படிக்கும் மகளும் அதையே சொன்னாள். தாத்தா தன்னிடம் சரியாகப் பேசுவதில்லையாம். ஒரு நாள் ராத்திரி, அலுப்போடு அலுப்பாக, நான் அப்பாவிடம் கொஞ்சம் சூடாகவே பேசிவிட்டேன். "வீட்டுல ரெண்டு பேரு உங்களுக்காக ஓடுறாங்க. வாயைத் திறந்து ஒரு வார்த்தை பதில் சொன்னா என்னப்பா?" அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். "சரிப்பா" என்றார். அவ்வளவுதான்.

இனி பாட்டுப் பெட்டிக்கு வருவோம்.

என்னிடம் ஒரு பழைய சான்ஸா கிளிப் பிளஸ் இருக்கிறது. தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிசு. சட்டைப் பையில் மாட்டிக்கொள்ளலாம். ஐபாடையே 2022-ல் நிறுத்திவிட்டார்கள், இன்னும் இதை வைத்துக்கொண்டு அழுகிறீர்களே என்று வீட்டில் கேலி. ஆனால் அப்பாவுக்கு டச் ஸ்கிரீன் ஒத்துவரவில்லை. தடவிப் பார்த்து அமுக்க ஒரு பட்டன் வேண்டும். அதனால் அதையும் ஒரு இயர்ஃபோனையும் அவரிடம் கொடுத்துவிட்டேன். உள்ளே பழைய பாட்டாக நானூறு ஏற்றியிருந்தேன்.

நான் உபயோகித்த காலத்தில் அதில் ஈக்வலைசர் வைத்திருந்த லட்சணத்தைச் சொல்ல வேண்டும். இடது ஓரம் உச்சத்தில், வலது ஓரம் உச்சத்தில், நடுவில் பள்ளம். ஆங்கில 'வி' எழுத்து மாதிரி. நம்மில் பாதிப் பேர் இப்படித்தான் வைத்திருப்போம். எண்பதுகளில் டூ-இன்-ஒன் வாங்கிய வீடுகளிலும் அந்தக் குட்டிக் குட்டிக் கம்பிகள் இதே வடிவத்தில்தான் நின்றன. டிரம்ஸ் அதிரும், மேலே 'சிங் சிங்' என்று கேட்கும், கேட்டதும் 'ஆஹா' என்று இருக்கும். அதே செட்டிங்கோடு அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். அவர் சத்தத்தை முழுசாக ஏற்றி வைத்துக் கேட்டார். கூடத்தில் உட்கார்ந்திருந்த எங்களுக்கே பாட்டு கேட்டது!

எதிர் ஃபிளாட்டில் ஒரு பெரியவர். ஈ.சி.ஐ.எல்.லில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். எங்கள் ஏரியாவில் கல்லெறிந்தால் ஈ.சி.ஐ.எல். ஆள் மேல்தான் விழும். ஏரியாவுக்குப் பேரே அதைத் தொடங்கிய டாக்டர் ஏ.எஸ்.ராவ் பேர்தான். பாபா அணுசக்தி ஆராய்ச்சியைக் கட்டி எழுப்பிய காலத்தில் கூட இருந்தவர். 1967-ல் அணுசக்தித் துறையின் கீழே எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் ஆரம்பமானபோது அதற்குத் தலைமை ஏற்றார். அந்தக் காலத்து ஈ.சி. டி.வி.யைப் பார்த்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். இப்போது நாம் ஓட்டுப் போடும் மெஷினைச் செய்யும் இரண்டு நிறுவனங்களில் இதுவும் ஒன்று.

அந்த அங்கிள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேப்பர் வாங்க வந்தவர், அப்பாவின் இயர்ஃபோனிலிருந்து கசியும் சத்தத்தைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். பெட்டியை வாங்கி, என் 'வி'யைப் பார்த்துச் சிரித்தார். பாதித் தெலுங்கு, பாதி ஹிந்தியில் எனக்கு அன்றைக்கு ஒரு மணி நேரம் பாடம் நடந்தது. எனக்குப் புரிந்ததை என் பாஷையில் சொல்கிறேன்.

ஈக்வலைசர் என்பது பாட்டை இனிப்பாக்குவதற்காக வந்த சாமான் இல்லையாம். டெலிஃபோன் கம்பிக்காக வந்தது. கம்பி நீளமாக ஆக ஆக, குரலில் இருக்கும் மேல் ஸ்தாயி சத்தங்கள் வழியிலேயே தேய்ந்துவிடும். இந்த முனையில் பேசியதும் அந்த முனையில் கேட்பதும் சமமாக இருக்க வேண்டும் என்றால், வழியில் எது எவ்வளவு குறைந்ததோ அதை மட்டும் அவ்வளவு ஏற்ற வேண்டும். சமமாக்குவதால் 'ஈக்வலைசர்'. எனக்கு எது பிடிக்கும் என்பது அதில் கேள்வியே இல்லை. எது தொலைந்தது என்பதுதான் கேள்வி. இருபது வருஷமாக அந்தப் பேரைப் பார்த்தும் எனக்கு இது தோன்றியதில்லை.

அடுத்தது, ஏற்றுவதில் இருக்கும் வம்பு. இதை ஓவர்டிராஃப்ட் கணக்கு மாதிரி புரிந்துகொண்டேன். டிஜிட்டல் பாட்டுக்கு ஒரு உச்ச வரம்பு உண்டு. அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது. இந்தக் காலத்துப் பாட்டுகளை அந்த வரம்பை உரசுகிற மாதிரிதான் பதிவு செய்கிறார்கள். பத்து லட்சம் லிமிட்டில் ஒன்பதே முக்கால் லட்சம் எடுத்தாயிற்று. இதில் நீங்கள் பேஸை 6 டெசிபல் ஏற்றினால் அந்தப் பகுதியில் அலையின் உயரம் இரண்டு மடங்காகிவிடும். லிமிட் தாண்டும். செக் திரும்பும். அலையின் உச்சி சீவப்பட்டு, 'கரகர' என்று கேட்கும்.

அதனால் முதல் விதி, ஏற்றுவதற்கு முன்னால் இறக்கு. எந்தப் பட்டையை அதிகபட்சம் எவ்வளவு ஏற்றப் போகிறீர்களோ, அவ்வளவை மொத்தத்தில் முதலில் குறைத்துவிட வேண்டும். 'ப்ரீ-ஆம்ப்' என்றோ 'ப்ரீ-கட்' என்றோ ஒரு கம்பி இருக்கும், நாம் யாரும் தொடவே மாட்டோம். அதுதான் இது. என் பெட்டியில் ராக்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டு வைத்திருந்தேன். அதில் இந்த வசதி இருந்தது. அதைவிட நல்லது, வேண்டாததைக் குறைப்பது. குரல் தெளிவாக வேண்டும் என்றால் குரலை ஏற்றாதே, அதை அமுக்கிக்கொண்டிருப்பதை இறக்கு. வீட்டு பட்ஜெட்டில் துண்டு விழுந்தால் சம்பளம் ஏறவா செய்யும்? செலவைத்தானே குறைக்கிறோம்.

இரண்டாவது விதி, நம் காதையே நம்பாதே. ஒரே பாட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்தால் மனுஷனுக்கு அது 'நன்றாக' இருப்பதாகத் தோன்றும். ஈக்வலைசரைப் போட்டதும் 'ஆஹா' என்பது பல நேரம் வெறும் சத்தம் கூடியதால்தான். போட்டும் போடாமலும் சத்தம் ஒரே அளவில் இருக்கும்படி வைத்துக்கொண்டு ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும். நான் செய்து பார்த்தேன். என் 'வி'யின் மானம் போயிற்று.

மூன்றாவது விதி, ஈக்வலைசரைத் தொடுவதற்கு முன்னால் இயர்ஃபோனின் ரப்பரைப் பார். காதுக்குள் வைக்கும் இயர்ஃபோனில் ரப்பர் சரியாக அடைத்துக்கொள்ளவில்லை என்றால் பேஸ் முழுக்க வெளியே ஓடிவிடும். பெட்டியில் பெரிசு, நடுத்தரம், சிறிசு என்று கூடவே கொடுத்ததை நாம் அலமாரியில் போட்டுவிட்டு, பேஸ் இல்லையே என்று கம்பியை ஏற்றிக்கொண்டிருப்போம். அப்பாவுக்குச் சின்ன ரப்பர் மாற்றினோம். பேஸ் அதுவாகவே திரும்பி வந்தது.

அப்புறம் பட்டைகள். பத்துப் பட்டை ஈக்வலைசரில் 31 ஹெர்ட்ஸில் தொடங்கி இரட்டித்துக்கொண்டே போகும். 62, 125, 250, 500, பிறகு 1,000, 2,000, 4,000, 8,000, 16,000. அதிர்வும் முழக்கமும் 125-க்குக் கீழே. 250 பக்கம் ஏறினால் பானைக்குள் இருந்து பாடுவது போல் இருக்கும். குரலின் உடம்பு 500, 1,000 பக்கம். வார்த்தையின் தெளிவு 2,000-லிருந்து 4,000 வரை. 'ச', 'ஸ' போன்ற சீறல் அதற்கும் மேலே. கடைசியில் உள்ள 16,000 கம்பியை நாம் ஆசையாக ஏற்றுவோம். 128 கேபிபிஎஸ் எம்பி3-யில் அந்த இடத்தில் பெரும்பாலும் ஒன்றுமே இருக்காது. ஃபைலைச் சின்னதாக்கும்போதே வெட்டிவிடுகிறார்கள். காலி கணக்குக்கு வட்டி போடுகிற வேலை.

அறுபதுகளின் பாட்டுக்கு இன்னொரு விஷயமும் உண்டு. அவை மோனோ. அந்தப் பதிவுகளில் உச்ச ஸ்தாயி அதிகம் கிடையாது. 8,000-ஐ ஏற்றினால் பாட்டோடு 'உஸ்ஸ்' என்ற இரைச்சலும் சேர்ந்து ஏறும். ராஜாவின் பாட்டும், 1992-ல் 'ரோஜா'வுக்குப் பிறகு ரஹ்மானின் பாட்டும் கேட்டு வளர்ந்த காதுக்கு வைத்த செட்டிங், அதற்கு முந்தைய தலைமுறையின் பாட்டுக்கு ஒத்துவராது.

சரி, இவ்வளவையும் கேட்டுக்கொண்டு அப்பாவின் பெட்டியை எடுத்தேன். முதலில் எல்லாக் கம்பியையும் பூஜ்யத்துக்கு இறக்கினேன். 'வி' ஒழிந்தது. அப்பா கேட்டுவிட்டு, "சத்தம் இருக்கு, வார்த்தை இல்ல" என்றார்.

அங்கிள் அவரைக் கவனித்துக்கொண்டிருந்தார். பிறகு என் கையிலிருந்து பெட்டியை வாங்கி, ப்ரீ-கட்டை 6 டெசிபல் இறக்கினார். 125-ஐயும் 250-ஐயும் நாலு நாலு குறைத்தார். 2,000-ஐ மூன்று ஏற்றினார். 4,000-ஐ ஆறு ஏற்றினார். சத்தத்தைப் பாதிக்குக் கொண்டு வந்தார். பாட்டை ஆரம்பத்திலிருந்து போட்டார்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பல்லவி முடியும் முன் கையைத் தூக்கினார்.

"ஏல, பின்னால ஒருத்தன் ஜால்ரா தட்டுதான். இத்தனை நாளா இவன் எங்க போயிருந்தான்?"

பேங்கில் நான் தினமும் கேட்கிற சத்தம்தான் அது. :-) நான் சிரித்துவிட்டேன். அப்பா சிரிக்கவில்லை. அடுத்த அடியை சுசீலாவோடு சேர்ந்து உதட்டசைத்தார். "இப்பத்தான் அந்தம்மா பாடுது" என்றார்.

எனக்கு ஒரே சந்தோஷம். அங்கிளின் முகத்தில் அது இல்லை. என்னைப் பால்கனிக்குக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இந்த செட்டிங்கை நீ போட்டுக் கேட்டுப் பார்."

கேட்டேன். தகரத்தில் ஆணியால் கீறுவது மாதிரி இருந்தது. பத்து செகண்டுக்கு மேல் தாங்கவில்லை.

"உனக்குத் தகரம். அவருக்கு அதுதான் சரி. அப்படியானால் குறை பாட்டிலா, பெட்டியிலா, எங்கே?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தங்கமணியின் குரலும் மகளின் குரலும் மெல்லிய குரல்கள். என் குரல் கட்டைக் குரல். டி.எம்.எஸ். பரவாயில்லை, சுசீலா சரியில்லை. நான் கேட்டால் பதில் உண்டு, அவர்கள் கேட்டால் இல்லை. எல்லாம் ஒரே கணக்கு. மூன்று வருஷமாகத் தினமும் என் கண்ணெதிரே இருந்த டாலி ஆகாத கணக்கு. அப்பாவுக்கு யார் மேலும் கோபம் இல்லை. காது கேட்கவில்லை.

கேட்கவில்லை என்றால் சுத்தமாகக் கேட்கவில்லை என்று இல்லை. அதுதான் நம்மை ஏமாற்றுகிறது. பேச்சில் உயிரெழுத்துகளின் சத்தம் பெரும்பாலும் கீழ் ஸ்தாயியில் இருக்கிறது, அதற்குத்தான் கனமும் அதிகம். 'ச', 'த', 'ப' என்று ஒரு சொல்லை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் சத்தங்களில் பல, மேல் ஸ்தாயியில் மெல்லியதாக இருக்கின்றன. வயதானால் முதலில் போவது மேல் ஸ்தாயி. யாரோ பேசுகிறார்கள் என்பது கேட்கும். என்ன பேசுகிறார்கள் என்பது கேட்காது. சட்டையா, தட்டையா, பட்டையா? நாம் சத்தம் போட்டால் உயிரெழுத்துதான் இன்னும் பெரிதாகும். 'ஏன் கத்துறீங்க?' என்பார்கள்.

ஊரில் இது ஏன் தெரியவில்லை? யோசித்துப் பார்த்தேன். யார் வந்து பேசினாலும் அம்மா பக்கத்தில் நின்று, "உங்களைத்தான், சுப்பையா மாமா மக கல்யாணமாம்" என்று ஒரு தடவை திருப்பிச் சொல்லுவார்கள். அதை நாங்கள் அம்மாவின் பழக்கம் என்று நினைத்திருந்தோம். இங்கே வந்தபோது அம்மா இல்லை. கூடவே தெலுங்கு என்ற சாக்கு ஒன்று ரெடியாக இருந்தது. பாஷை தெரியாதவரும் காது கேட்காதவரும் செய்வது ஒன்றேதான். சிரித்துத் தலையாட்டுவது.

அடுத்த வாரமே காது டாக்டரிடம் போனோம். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து ஆடியோகிராம் எடுத்தார்கள். 250 ஹெர்ட்ஸிலிருந்து 8,000 வரை ஒவ்வொரு ஸ்தாயியாக, எவ்வளவு மெல்லிய சத்தம் வரை கேட்கிறது என்று குறிக்கிறார்கள். கிட்டத்தட்ட ஈக்வலைசர் மாதிரியே ஒரு படம். அப்பாவின் கோடு 1,000 வரை ஓரளவு நேராக வந்து, 2,000-ல் சரிந்து, 4,000-ல் பாதாளத்துக்குப் போய், 8,000-ல் கொஞ்சம் மேலே ஏறியது. அங்கிள் குத்துமதிப்பாக ஏற்றிய அதே இடம்!

அந்தப் பெண் கோட்டைப் பார்த்துவிட்டு, "இவர் ஃபேக்டரியில் வேலை பார்த்தாரா?" என்று கேட்டார். நாங்கள் எதுவும் சொல்லியிருக்கவில்லை. வெறும் வயசால் வரும் குறை மேலே போகப் போகச் சரிந்துகொண்டே போகுமாம். 4,000 பக்கம் இப்படிப் பள்ளம் விழுந்தால் வருஷக்கணக்கில் பெரிய சத்தத்தில் நின்ற காது என்று அர்த்தமாம். சத்தத்தால் வரும் செவித்திறன் இழப்பு 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் தொழில்சார் நோயாகவே குறிக்கப்பட்டிருந்தது. இதை நான் பின்னால்தான் படித்தேன். அப்பா அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை. "மில்லுல எல்லாரும் சைகையிலதான் பேசுவோம்" என்று சாதாரணமாகச் சொன்னார். அந்தச் சத்தத்தில் நின்று சம்பாதித்த காசில்தான் நான் பி.காம். படித்தேன். இந்தப் பற்றை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஈக்வலைசர் வைத்தே சமாளித்துவிடலாமே என்று கேட்டேன். கூடாது என்றார். ஈக்வலைசர் எல்லாவற்றையும் ஒரே அளவில் ஏற்றும். இந்த மாதிரிக் காதுக்கு மெல்லிய சத்தம் கேட்காது, ஆனால் பெரிய சத்தம் நம்மைப் போலவே, சில நேரம் நம்மைவிட அதிகமாக, உறுத்தும். காது மெஷின் மெல்லியதை அதிகமாகவும் பெரியதைக் குறைவாகவும் ஏற்றும். ஒவ்வொரு ஸ்தாயிக்கும் தனித்தனியாக. அதோடு பாட்டுப் பெட்டி பாட்டை மட்டும்தான் கேட்க வைக்கும், பேத்தியை இல்லை.

2024 ஜூலையில் இரண்டு காதுக்கும் மெஷின் வாங்கினோம். விலை ஏறக்குறைய ஒரு ஸ்கூட்டர். முதல் வாரம் பெரிய ரகளை. பாத்திரம் ஏன் இப்படிச் சத்தம் போடுகிறது, ஃபேன் ஏன் இரைகிறது, பேப்பரைப் புரட்டினால் ஏன் இந்த இரைச்சல் என்று கழற்றிக் கழற்றி வைத்தார். மூளைக்குப் பழக்கம் விட்டுப் போயிருக்கும், வாரக்கணக்கில் ஆகும், விடாதீர்கள் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். தினம் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று கூட்டினோம். இப்போது காலையில் பல் தேய்த்ததும் அவரே எடுத்து மாட்டிக்கொள்கிறார்.

அந்த வருஷக் கடைசியில் பேப்பரில் ஒரு செய்தி படித்தேன். பெங்களூரில் மூன்று இளைஞர்கள். அவர்களில் ஒருவர் தன் பாட்டிக்காக ஆப்பிளின் ஏர்பாட்ஸ் ப்ரோ வாங்கியிருக்கிறார். அதைக் காது மெஷினாக உபயோகிக்கும் வசதி அப்போதுதான் வந்திருந்தது. ஆனால் அந்தச் சமயத்தில் அது இந்தியாவில் திறக்கப்படவில்லை. இவர்கள் அலுமினியத் தாளையும் ஒரு மைக்ரோவேவ் அடுப்பையும் வைத்து, வெளி சிக்னல் புகாத ஒரு பெட்டியைக் கட்டி, கருவி தான் அமெரிக்காவில் இருப்பதாக நினைக்கும்படி செய்து அந்த வசதியைத் திறந்துவிட்டார்கள். பாட்டிக்காக இத்தனை பாடுபட்ட அந்தப் பையன்களை நினைத்தால் எனக்கு இப்போதும் பொறாமை. நான் மூன்று வருஷமாக "சரிப்பா, வேற ஏத்தித் தாரேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தவன்.

பாட்டுப் பெட்டி இன்னும் அப்பாவிடம்தான். மெஷினைக் கழற்றிவிட்டு மத்தியானம் ஒரு மணி நேரம் கேட்பார். அந்தத் தகர செட்டிங்கை மாற்றவில்லை. சத்தத்துக்கு மட்டும் பாதியில் பூட்டுப் போட்டுவிட்டேன். 2019-ல் உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து சொன்ன கணக்கு, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம். 3 டெசிபல் ஏறினால் நேரம் பாதி. 83-ல் 20 மணி நேரம், 86-ல் பத்து. கூட்டு வட்டி மாதிரி, கவனிக்காமல் விட்டால் அசலையே சாப்பிட்டுவிடும். போன அசல் திரும்ப வராது. மகளின் போனிலும் இதைச் சொல்லி ஒரு வரம்பு வைத்தேன். தாத்தாவின் கோட்டைக் காட்டியதால் சண்டை போடாமல் ஒப்புக்கொண்டாள்.

அன்று ராத்திரி சத்தம் போட்டது மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு நாள் கப்ரா ஏரிப் பக்கம் நடந்து போகும்போது சொல்லிவிட்டேன். "அன்னைக்கு உங்களை ஏசிட்டேன்பா. தெரியாம செஞ்சிட்டேன்."

"நீ ஏசினதுல பாதி எனக்குக் கேக்கலல" என்றார்.

"மீதி?"

"மீதி, நீ வேலை பாத்துட்டு அலுத்து வந்திருக்கேன்னு வெளங்கிச்சு. அதுக்குக் காது வேணுமா?"

அவ்வளவுதான் கதை. வெளியூரில், வெளிநாட்டில் இருக்கும் உங்களுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. ஊரிலிருந்து வரும் பெரியவர்கள் புது இடத்தில் அமைதியாகிவிட்டால், பாஷை, குளிர், மருமகள் என்று காரணம் தேடுவதற்கு முன்னால் ஒரு தடவை காதைப் பாருங்கள். எந்தப் பாடகர் குரல் சரியில்லை என்கிறார்கள் என்று கேளுங்கள். ஹைதராபாத்தில் இருப்பவர்களுக்கு, செகந்திராபாத் மனோவிகாஸ் நகரில் அலி யாவர் ஜங் தேசிய நிறுவனத்தின் மண்டல மையம் இருக்கிறது. காதுக்கான மத்திய அரசு நிறுவனம். தென் தமிழர்கள் மைசூரின் பேச்சு, செவித்திறன் நிறுவனத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், 1965-லிருந்து இருக்கிறது.

அப்பா இப்போது கொஞ்சம் தெலுங்கு பேசுகிறார். எதிர்வீட்டு அங்கிளோடு சாயங்காலம் படிக்கட்டில் உட்கார்ந்து பேச்சு. சுசீலாம்மா விஜயநகரத்துக்காரர், அதனால் தங்கள் ஆள் என்று அவர். தமிழில் பாடியது கொஞ்சமா, எங்கள் ஆள் என்று அப்பா. நேற்றும் சண்டை தீரவில்லை.